நாலு தலைமுறை ஷிறாஸ்

“தோட்டத்தை என்ர பேருக்கு எழுதித் தாங்கோ அப்பா. மாப்பிள்ளை இல்லாமல்.”

ஜெனிற்றா இதைச் சொன்னபோது வலன்ரைன் அங்கிளின் கையில் ஒரு பிடி புரியாணி இருந்தது. தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் அது அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி மாகிறற் அன்ரி, தன் மகன் றொமேஷின் முகத்தைப் பார்த்தார். பெண் பார்க்கவென்று கூட்டிவரப்பட்ட அந்த மகன் தொலைபேசிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

அம்மா மேரிறோஸ் மட்டும் திடுக்கிடவில்லை. மகளின் வாயில் இது வந்து நிற்கிறது என்று அவருக்குக் காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். சேலைக்கு அயன் பிடித்துக்கொண்டே சொல்லியிருந்தார்: “என்னத்தையும் கேள். காணியைப் பற்றி மட்டும் வாய் திறந்திடாதை. சீதனம் எண்டிறது குடுக்கிறது. பொம்பிளைப்பிள்ளை கேட்டு வாங்கிறதில்லை.”

அது புதுப் புத்திமதி இல்லை. ஜெனிற்றா பெரியபிள்ளை ஆன நாளில் இருந்து கேட்டுக்கொண்டு வருவது. நகை கேட்கலாம், சேலை கேட்கலாம், கார்கூடக் கேட்டு வாங்கினாள். காணி மட்டும் வேறு. பெண்ணுக்கென்று வைத்திருப்பார்கள், பெண்ணைக் காட்டித்தான் பேசுவார்கள், ஆனால் அந்தப் பேச்சு நடக்கிற இடத்தில் பெண் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தக் காணி மெல்பேர்ன் நகரத்தில் இருந்து கிழக்கே, மலைப்பக்கம் ஒரு மணித்தியாலம் காரில் போனால் வருகிற திராட்சைத் தோட்டம். வாசல் பலகையில் ‘ட்ரெவிசோலி குடும்பம், நான்கு தலைமுறை’ என்று எழுதியிருக்கும். போத்தலிலும் அதுவே. ஆனால் ட்ரெவிசோலிகளில் ஒரு ஆள்கூட இப்போது அங்கே இல்லை. கடைசி ட்ரெவிசோலியான ஜீனோவின் மகன்மார் தோட்டத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் அதைத் தன்னிடம் குருவி வலை கட்ட வந்துகொண்டிருந்த ஜெனிற்றாவின் அப்பா பத்திநாதனுக்கு விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போனார்.

பத்திநாதன் மன்னார் பேசாலையில் பிறந்தவர். வலை என்றால் மீனுக்கு என்று நினைத்திருந்த ஆள், பழுத்த குலைகளைக் குருவி கொத்தாமல் இருக்க வரிசை வரிசையாய் வலை போர்த்துவதைக் கண்டு வாயில் கை வைத்தார். டண்டினோங் இறைச்சித் தொழிற்சாலையில் குளிருக்குள் நின்று உழைத்த அத்தனையையும் கொட்டி அந்தத் தோட்டத்தை வாங்கினார். கொடியோடு, வைன் தாங்கிகளோடு, இருமிக்கொண்டு ஓடும் உழவு இயந்திரத்தோடு, அந்த நாலு தலைமுறையையும் சேர்த்தே வாங்கினார். பெயரை மாற்றினால் ஒருத்தரும் வாங்கமாட்டார்கள் என்று அவருக்கு ஜீனோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நாள் போகப் போக பத்திநாதன் அதை நம்பத் தொடங்கிவிட்டார். வைன் விற்கிற கூடத்தின் சுவரில் ட்ரெவிசோலிகளின் படங்கள் இருந்தன. அவர் அவற்றைத் தூசி தட்டி வைத்திருந்தார். மரித்தோர் திருநாளில் அவர்கள் பெயரில் பூசை ஒப்புக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற வெள்ளைக்காரருக்கு முறுக்கு மீசை வைத்த ஒரு இத்தாலிக்காரரைக் காட்டி, “மை கிரேட் கிராண்ட்ஃபாதர்” என்பார். அவர்கள் அந்த மீசையையும் அவருடைய கறுத்த முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். பிறகு ஒன்றும் கேட்கப் பயந்து ஆளுக்கொரு போத்தல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஜெனிற்றா பத்திநாதன் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை முதன்முதலாக மிதித்தவள். மருந்தியல் படிப்பாள் என்று அம்மா கோயிலில் நேர்த்தி வைத்திருந்தார். அவள் வாகா வாகா என்ற தூரத்து ஊருக்குப் போய் வைன் செய்யப் படித்தாள். சொந்தக்காரர் கேட்டால் அப்பா “சயன்ஸ்” என்று மட்டும் சொல்லுவார். படித்து முடித்துத் திரும்பி வந்த வருஷம், அப்பா செய்து வைத்திருந்த ஒரு தாங்கி வைனை மணந்து பார்த்துவிட்டு, குழாயைத் திறந்து எல்லாவற்றையும் ஓடவிட்டாள். அது புளித்து வினாகிரியாகியிருந்தது. ட்ரெவிசோலி என்ற பெயருக்காகத்தான் சனம் அதுவரை குடித்தது. அப்பா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் அவள் செய்த ஷிறாஸ் என்ற சிவப்பு வைன் சந்தைக்குப் போனபின், தானே எல்லாம் செய்ததுபோல் ஆட்களுக்கு ஊற்றிக் கொடுத்தார்.

அந்த ஷிறாஸ் வருவது தோட்டத்தின் ஒரேயொரு துண்டில் இருந்துதான். ரோட்டோரச் சரிவில் ஜீனோவின் பாட்டன் நட்ட பழைய கொடிகள் நிற்கும். தண்ணீர் பாய்ச்சுவதில்லை. அடிமரம் ஆள் தொடை மொத்தம் இருக்கும், குலை கைப்பிடிக்குள் அடங்கும். மற்றத் துண்டுகளில் இருந்து வண்டி வண்டியாய்ப் பழம் வரும். அது வித்து ஓடும் சரக்கு. இந்தச் சரிவில் இருந்து வருவது கொஞ்சம். ஆனால் வாயில் வைத்த ஆள் பேசிக்கொண்டிருந்த கதையை விட்டுவிடும்.

அன்று காலை அவள் அந்தச் சரிவுக்குப் போனபோது, கொடிகளுக்கு நடுவே நிலம் அளக்கிற மரமுளைகள் அடித்து, தலையில் ரோஸ் நிற நாடா கட்டியிருந்தது. ஆறேழு இடத்தில். அப்பாவிடம் போய் என்னவென்று கேட்டாள். அவர் கோயிலுக்குப் போகிற சேட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, பிறகு கதைப்பம் என்றார். அப்பாவின் ‘பிறகு கதைப்பம்’ என்றால் கதைத்து முடிந்துவிட்டது என்று பொருள். வேறு ஆட்களோடு.

பூசை முடிந்து வந்து பந்தலுக்குக் கீழே மேசை போட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் கலியாணப் பேச்சுக்கால் வைக்கிறதோ என்று அம்மா முனகினார். ஞாயிறு கணக்கில் சேராது, தனக்குக் கோயில் சுவாமியே சொன்னவர் என்று வலன்ரைன் அங்கிள் அதை ஒரு சிரிப்போடு தள்ளிவிட்டு இறைச்சிக் கறியை இழுத்துக்கொண்டார். அவர் நாரே வொரனில் இருப்பவர். கலியாண வீடுகளுக்குச் சாப்பாடு, மணவறை, பூ, கதிரை எல்லாம் கொடுக்கிற பெரிய கை. மகனும் அதே தொழில். தமிழருக்குள் யார் வீட்டில் யாருக்கு எப்போது கலியாணம் என்பது மணப்பெண்ணுக்கு முதல் அவருக்குத் தெரியும் என்று சொல்லுவார்கள்.

அப்பா ஷிறாஸைத் திறந்தார். ஆண்களுக்கு வைன், பெண்களுக்குத் தோடம்பழச் சாறு. வலன்ரைன் அங்கிள் கிண்ணத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, “நல்ல கலர்” என்றுவிட்டு அதற்குள் கோலாவை ஊற்றினார். ஜெனிற்றாவின் பல் கூசியது. மூன்று வருஷ வேலை அங்கே நுரைத்தது.

“பிள்ளை குடிக்கிறதோ?” மாகிறற் அன்ரி கேட்டது மேரிறோஸிடம்தான். பிள்ளை எதிரில்தான் இருந்தது.

“சீச்சீ, இல்லை. செய்யிறது மட்டும்.”

அம்மா அதைக் கண் வெட்டாமல் சொன்னார். ஒரு நாளைக்கு முப்பது தரம் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிப் பிழைக்கிற மகள் பக்கத்தில் தோடம்பழச் சாற்றோடு இருந்தாள். மாகிறற் அன்ரிக்குத் திருப்தி. பிறகு மற்றக் கதைக்கு வந்தார்கள்.

அந்தக் கதை மண்டபம். இந்தப் பக்கத்தில் தமிழருக்கு மலையும் பச்சையும் தெரிகிற கலியாண மண்டபம் ஒன்றும் இல்லை. படம் பிடிக்கிறவர்கள் எல்லாரும் கொடிக்கு நடுவில் நின்று எடுக்கத்தான் கேட்கிறார்கள். தோட்டம் சீதனமாக றொமேஷின் பெயரும் சேர்ந்து வந்தால், ஈஸ்டர் முடிய வேலை தொடங்கலாம். வலன்ரைன் அங்கிள் இதையெல்லாம் பத்திநாதனுக்கு விளக்கவில்லை, பத்திநாதனுக்கு ஏற்கெனவே தெரிந்ததை மற்றவர்களுக்கு நினைவூட்டுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போனார். மண்டபம் மேட்டில். கார் தரிப்பிடம் ரோட்டோரச் சரிவில்.

“அந்தக் கிழட்டுக் கொடியெல்லாம் பிடுங்க வேண்டி வரும். காய்க்கிறதும் இல்லைத்தானே?” என்று பத்திநாதனைப் பார்த்தார். பத்திநாதன் தலையாட்டினார். வைனுக்கு என்ன செய்வது என்று அம்மா மெல்லக் கேட்டதற்கும் வலன்ரைன் அங்கிளிடம் பதில் இருந்தது. வெளியில் இருந்து தாங்கிக் கணக்கில் வாங்கி அந்த லேபலை ஒட்டினால் முடிந்தது. நாலு தலைமுறை போத்தலில்தானே இருக்கிறது.

ஜெனிற்றா தோடம்பழச் சாற்றைத் தள்ளி வைத்தாள். அப்போதுதான் காணியைக் கேட்டாள்.

வலன்ரைன் அங்கிள் முதலில் சுதாரித்தார். “பிள்ளை பகிடி விடுது” என்று புரியாணியை வாய்க்குள் போட்டார். “படிச்ச பிள்ளையள் இப்பிடித்தான் பகிடி விடும்.”

“பகிடி இல்லை அங்கிள்,” என்றாள் ஜெனிற்றா. “உங்களுக்கு மண்டபம் வேணும். உங்கட மகனுக்குப் பொம்பிளை வேணும். ரெண்டையும் ஒரே இடத்தில வாங்கப் பாக்கிறியள். பொம்பிளை விக்கிறதுக்கு இல்லை. காணியை எனக்குத் தாறதோ இல்லையோ எண்டு அப்பா சொல்லட்டும்.”

அப்பாவுக்கு முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்தாள். மூக்கை உள்ளே விட்டு மணந்து, ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுக்க உருட்டினாள். துப்பவில்லை. விழுங்கினாள். மாகிறற் அன்ரியின் கை தன்பாட்டில் கழுத்துச் சிலுவைக்குப் போனது. அம்மா எழும்பித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார், ஒருத்தரும் சாப்பிட்டு முடிக்கவில்லை என்பதைப் பாராமல்.

ஜெனிற்றா கிண்ணத்தை வைத்துவிட்டு வைன் செய்கிற கொட்டகைக்குப் போனாள். போக வேண்டித்தான் இருந்தது. அறுவடை நடக்கிற நேரம் அது. சரிவில் இருந்து வந்த பழம் திறந்த தொட்டிக்குள் பொங்கிக்கொண்டிருந்தது. தோலெல்லாம் மேலே எழும்பித் தடித்த அடையாகக் கட்டும். அதை நீண்ட கோலால் அமத்தி அமத்திச் சாற்றுக்குள் தாழ்க்க வேண்டும். விட்டால் காய்ந்து புளிக்கும், தொட்டி முழுக்கக் கெடும். இந்தத் தொட்டியை விட்டுவர முடியாது என்றுதான் போன கிழமை ஒரு வேலையை வேண்டாம் என்று சொன்னாள். கூடப் படித்த ஹரிப்பிரியா ஜீலோங் பக்கத்தில் ஒரு வைன் தோட்டத்தில் இருக்கிறாள். அங்கே அவசரமாக ஆள் தேடினார்கள். “யோசிச்சுச் சொல்லு, உனக்காகக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறேன்” என்றிருந்தாள். போன வருஷமும் இப்படி ஒன்று வந்தது. அதற்கு முந்தின வருஷமும். ஒவ்வொரு வருஷமும் பழம் பழுத்துவிடும், தொட்டி நிறைந்துவிடும், அவள் நின்றுவிடுவாள். கதவு திறந்துதான் இருந்தது. தொட்டி விடவில்லை.

கோலை எடுத்து இரண்டு குத்துக் குத்துவதற்குள் அப்பா வந்துவிட்டார்.

“உனக்கு விசரே? ஆக்களுக்கு முன்னால.”

“ஆக்கள் இல்லாத நேரம் கேட்டால் பிறகு கதைப்பம் எண்டுறியள்.”

பத்திநாதன் கவிழ்த்து வைத்திருந்த கூடை ஒன்றில் இருந்தார். முழங்காலைத் தேய்த்தார். கோபப்படுவார் என்று பார்த்தாள், படவில்லை. அது இன்னும் மோசம். “உனக்குத்தானே பிள்ளை தாறன். எனக்கு வேற ஆர் இருக்கு?”

“எனக்குத் தரேல்லை அப்பா. காணியோட என்னையும் சேத்து அவையளிட்டக் குடுக்கிறியள். அதுவும் கொடியைப் பிடுங்கிப்போட்டு.”

அவர் ஜீனோவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். முதியோர் இல்லத்துக்குப் போனபோதெல்லாம் ஜீனோ ஒரு கதிரையில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பாராம். தோட்டம் எப்படி என்று கேட்பாராம். பத்திநாதனைத் தவிர ஒருத்தரும் போனதில்லை. இவ்வளவு கொடி வளர்த்த மனிசனுக்கு ஒரு மிடறு தண்ணி பருக்க ஆள் இல்லை. இந்தக் காட்டுக்குள் மகளைத் தனிய விட்டுவிட்டுத் தான் கண்ணை மூட ஏலாது. காலும் இனி நிற்காது. போன வருஷம் பனி விழுந்து பாதி மொட்டுக் கருகினபோது, விடிய விடியத் தோட்டத்துக்குள் நெருப்பு மூட்டிக்கொண்டு நின்றது அவள். அதைப் பார்த்த அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். தான் அன்று தோட்டத்தைக் காப்பாற்றியதாக அவள் நினைத்திருந்தாள். அவர் அதை வேறு மாதிரிப் பார்த்திருக்கிறார்.

ஜெனிற்றா கோலைத் தோல் அடைக்குள் ஆழமாகக் குத்தினாள். அவர்மேல் இரக்கம் வந்தது, அந்த இரக்கத்துக்கும் சேர்த்துக் கோபம் வந்தது. அன்பு என்று சொல்லிக்கொண்டு வருகிற பூட்டுக்கு எந்தப் பக்கம் திறப்புப் போடுவது?

சரி, சீதனமாக வேண்டாம் என்றாள். பழைய துண்டை மட்டும் குத்தகைக்குத் தாருங்கள், அந்நிய ஆளுக்குக் கொடுப்பதுபோல. மிச்சத்தில் மண்டபம் கட்டினாலும் கட்டுங்கள்.

“சொந்த மகளுக்கு ஆரும் குத்தகைக்குக் குடுக்கிறதோ? ஊர் என்ன சொல்லும்?”

“எந்த ஊர்? டண்டினோங்கோ?”

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

“நான் ஆம்பிளைப்பிள்ளையாப் பிறந்திருந்தால் என்ன செய்திருப்பியள் அப்பா?”

“ஆம்பிளைப்பிள்ளை எண்டால் குடுக்கிறது என்ன கிடக்கு? அவன்ர தானே...” வாயில் இருந்து வெளியே வந்தபின்தான் அது அவருக்கே கேட்டது. தோல் அடை மெல்ல வெடித்து, உள்ளே இருந்து காற்று வந்தது.

எழும்பினபோது அவர் தப்பிப் போகிற ஆள் மாதிரி ஒரு விஷயத்தைச் சொன்னார். “நான் ஓம் எண்டாலும் தனியச் செய்யேலாது. காணி உறுதி ரெண்டு பேரின்ர பேரிலயும் கிடக்கு. கொம்மாவும் கையெழுத்து வைக்கோணும்.”

ஜெனிற்றாவுக்கு இது தெரியாது. தோட்டம் வாங்கும்போது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இந்த வீட்டில் காணிக்கதை அவள் காதுக்கு வருவதுமில்லை. அம்மாவின் பெயரும் இருக்கிறது. அப்படியென்றால் அம்மா கையெழுத்து வைக்காவிட்டால் மண்டபம் இல்லை, தரிப்பிடம் இல்லை, கொடி நிற்கும். அவள் கோலை அப்படியே தொட்டிச் சுவரில் சாத்திவிட்டு வீட்டுப்பக்கம் நடந்தாள். ஓடவில்லை என்று சொல்ல முடியாது.

வழியில் றொமேஷ் நின்றான். மோசமான ஆள் இல்லை. நெடிய, அமைதியான பையன். காலில் பளபளக்கிற சப்பாத்து. மண் படாமல் இருக்கப் புல்லில் மட்டும் நின்றுகொண்டிருந்தான். “ஜெனிற்றா, ஜஸ்ட் சோ யூ நோ, எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நீங்கள் வைன் செய்யலாம். வீக்கெண்டில. ஆனால், வீக்கெண்டில கலியாணம் இருக்கும்... வேற நாளில பாப்பம்.”

“எந்தக் கலியாணம்?”

“அப்பா செப்ரெம்பருக்கு ரெண்டு புக்கிங் எடுத்திட்டார். சொறி. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

சொல்லவில்லை. அவளுடைய சரிவில் கார் நிறுத்தப்போகிறவர்கள் யார் யார் என்பது யாரோ ஒரு மணப்பெண்ணுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. “உங்களுக்கு இந்தக் கலியாணம் விருப்பமோ?” என்று அவனிடமே கேட்டாள். அவன் யோசித்தான், உண்மையாகவே யோசித்தான். பிறகு, தான் அதைப் பற்றி யோசிக்கவில்லை என்றான். அவனுக்காகவும் கோபப்பட அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

அம்மா குசினிக்குள் தேத்தண்ணிக்குக் கிண்ணங்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். லவ் கேக் துண்டு துண்டாக வெட்டி, ஒரே அளவில், தட்டில் அடுக்கியிருந்தது. ஜெனிற்றா கதவைச் சாத்தினாள்.

“அம்மா, காணி உங்கட பேரிலயும் கிடக்காம்.”

“ஓம். கிடக்கு.”

“அப்ப நீங்கள் கையெழுத்து வைக்காட்டி ஒண்டும் நடக்காது. உங்களுக்கு விளங்குதோ? அப்பா என்ன சொன்னாலும் சரி, வலன்ரைன் அங்கிள் எத்தினை புக்கிங் எடுத்தாலும் சரி. நீங்கள் ஏலாது எண்டால் ஏலாது.”

அம்மா ஒரு கேக் துண்டை நகர்த்தி, மற்றதோடு நேராக்கினார். பேசாலை வீட்டைப் பற்றிச் சொன்னார். மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். அது அவருக்குச் சீதனமாக வந்த வீடு. ஓட்டு வீடு, பின்னால் கிணறு, கடல் தெரியும். உறுதி அவர் பெயரில்தான் இருந்தது. இங்கே வருவதற்கு விற்க வேண்டும் என்று அப்பா சொன்னார். பேனையை எடுத்து முன்னால் வைத்தார், அம்மா கையெழுத்து வைத்தார். முடிந்தது.

“உங்களுக்கு விருப்பமோ எண்டு அப்பா கேட்டவரோ?”

“கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை.”

“இப்ப நான் கேக்கிறன் அம்மா. அப்பா உறுதியைக் கொண்டுவந்து நீட்டினால் வைக்கப் போறியளோ?”

கேத்தல் கொதித்து நின்றது. அம்மா அதைத் தூக்கவில்லை. மகளின் முகத்தை முழுதாகப் பார்த்தார், நீண்ட நேரத்துக்குப் பிறகு. அந்தப் பார்வையில் ஒளிப்பு மறைப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் ஜெனிற்றாவுக்குப் பயம் வந்தது.

“நீட்டினால் வைப்பன் பிள்ளை. வைக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. உனக்குப் பொய் சொல்லி என்ன.”

“நான் இஞ்ச நிண்டு செத்தாலுமோ?”

“ஒருத்தரும் சாகிறேல்லை. கலியாணம் கட்டி ஒருத்தரும் சாகிறேல்லை.” பிறகு கேத்தலைத் தூக்கினார். “மாகிறற் அன்ரிக்குச் சீனி போடாமல். முதல் அவவுக்குக் கொண்டுபோய்க் குடு.”

தட்டை அவள் கைக்கு நீட்டினார். ஆறு கிண்ணம், ஒன்றில் சீனி இல்லை. ஜெனிற்றா அதை வாங்கினாள். பழக்கம், கை தன்பாட்டில் போய் வாங்கிவிட்டது. கிண்ணங்கள் ஒன்றோடொன்று முட்டிச் சின்னச் சத்தம் போட்டன. கதவை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தபோது, இந்தத் தட்டோடு வெளியே போனால் நாளைக்கும் இதே தட்டுத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. நாளைக்கு மட்டுமில்லை. இந்த வருஷம் அவளுக்குக் கலியாணம் நடக்கும். பிறகு ஒரு நாள் அவளும் ஒரு மகளுக்குச் சீனி போடாத கிண்ணம் எது என்று காட்டிக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். வெளியில் போத்தலில் ‘ஐந்து தலைமுறை’ என்று மாற்றி எழுதியிருக்கும்.

தட்டை மேசையில் வைத்தாள். ஒரு கிண்ணமும் சிந்தவில்லை.

“நீங்களே குடுங்கோ அம்மா,” என்றாள். குரல் உயரவில்லை. கோபம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. அது இருந்த இடத்தில் இனிச் செய்ய வேண்டிய வேலைகள் மட்டும் இருந்தன. அறைக்குப் போய்ச் சேலையை அவிழ்த்துப்போட்டு ஜீன்ஸ் போட்டாள். வேலைச் சப்பாத்து, இரண்டு மூன்று உடுப்பு, கடவுச்சீட்டு, பட்டச் சான்றிதழ். சான்றிதழைச் சட்டத்துக்குள் போட்டு அப்பாதான் சுவரில் மாட்டியிருந்தார். சட்டத்தோடு எடுக்கப் பாரமாக இருந்தது, கழற்றிவிட்டுக் கடதாசியை மட்டும் எடுத்தாள். ஹரிப்பிரியாவுக்கு, ஆள் இன்னும் தேவையா என்று எழுதினாள். அவள் பையின் வாயைப் பூட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது: “ஆமா. உடனே கிளம்பி வா. எங்க வந்து கூட்டிக்கணும்னு மட்டும் சொல்லு.”

முன்பக்கம் வந்து பார்த்தால், அவளுடைய சின்னக் காருக்குப் பின்னால் வலன்ரைன் அங்கிளின் வான் குறுக்கே நின்றது. கலியாணக் கதிரை ஏற்றுகிற பெரிய வான், தன் வீட்டு முற்றம் போல நிறுத்தியிருந்தார். பந்தலுக்குள் அவர் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. பிள்ளைகள் முதலில் இப்படித் துள்ளும், பிறகு சரிவரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போய், வானை எடுங்கள் என்று கேட்க வேண்டும். இன்னொரு கேள்வி. இன்று கேட்டது போதும் என்று அவள் நினைத்தாள். கார்த் திறப்பைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டி நடந்தாள். ரோட்டுக்கு இறங்கினால் ஊர் ஒன்று வரும், அங்கிருந்து பஸ்ஸோ யாராவதோ லிலிடேலுக்கு. லிலிடேலில் ரெயில் இருக்கிறது.

கொட்டகையைத் தாண்டும்போது உள்ளே அப்பா தெரிந்தார். கோயில் சேட்டின் கையை மடித்துவிட்டு, அவள் சாத்திவிட்டு வந்த கோலைப் பிடித்துக்கொண்டு தொட்டியோரம் நின்றார். நெஞ்சில் சாறு தெறித்திருந்தது. தோளில் பை, காலில் சப்பாத்து, அவள் போகிற திசை, எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார்.

“பிள்ளை,” என்றார். “இதை எத்தினை தரம் அமத்திறது?”

“விடிய, மத்தியானம், படுக்க முதல்,” என்றாள் ஜெனிற்றா. அவளுடைய கால் நிற்கவில்லை. “தோலைக் காய விடாதேங்கோ.”

சரிவில் கொடிகளுக்கு நடுவால்தான் ரோட்டுக்குக் குறுக்குவழி. அறுத்து முடித்த கொடிகள், வலை கழற்றின கொடிகள், இலை ஓரம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. ஒரு இடத்தில் முளையும் ரோஸ் நாடாவும் குறுக்கிட்டன. அவள் அதைப் பிடுங்கவில்லை. சுற்றிக்கொண்டு போய், வேலிக்கம்பியைத் தூக்கி, பையை முதலில் அந்தப் பக்கம் போட்டாள்.